மோனோரயில் ஓடுமா? வடசென்னைக்காரர்களுக்கு ஓர் அடிப்படைக் கணக்கு

2011-ல் சென்னைக்கு 111 கி.மீ. நீளத்துக்கு மோனோரயில் அறிவிக்கப்பட்டது. வண்டலூர்–வேளச்சேரி 23 கி.மீ., பூந்தமல்லி–கத்திப்பாரா 16, பூந்தமல்லி–வடபழனி 18, வண்டலூர்–புழல் 54 என்று நான்கு தடங்கள். வடசென்னையின் பங்கு புழல் என்ற ஒரு முனை மட்டும்தான். அதுவும் வரவில்லை. நான்கு தடங்களிலும் சேர்த்து ஒரு தூண்கூட எழவில்லை. பூந்தமல்லிப் பக்கம் பின்னாளில் மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்குப் போய்விட்டது.

திட்டம் போனாலும் ஆசை போகவில்லை. கொடுங்கையூரிலோ மணலியிலோ கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் மாட்டிக்கொண்டு நிற்பவரிடம், சாலைக்கு மேலே ஒல்லியான பீம் ஒன்றில் வழுக்கிக்கொண்டு போகும் ரயிலின் படத்தைக் காட்டினால், “இது நமக்கு வந்தால் என்ன?” என்றுதான் கேட்பார். நியாயமான கேள்வி. அந்த ரயில் எப்படி ஓடுகிறது, எந்த இடத்தில் நின்றுபோகிறது, நின்றால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டால் இதற்கு நாமே பதில் கண்டுபிடிக்கலாம்.

பீமும் சக்கரமும்

மோனோரயில் இரண்டு வகை. ஒன்று பீமின்மேல் ஓடுவது. குதிரையின் இருபுறமும் கால் போட்டு உட்கார்வதுபோல், பெட்டி ஒரு கான்கிரீட் பீமைக் கவ்விக்கொண்டு போகும். மும்பை, டோக்கியோ, கோலாலம்பூர், சீனாவின் சோங்சிங் எல்லாம் இந்த வகை. இன்னொன்று பீமுக்குக் கீழே தொங்கிக்கொண்டு ஓடுவது. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் 1901 முதல் 13.3 கி.மீ. தூரத்துக்கு இப்படித்தான் ஓடுகிறது. ஜப்பானின் சிபா நகரிலும் உண்டு.

தொங்கும் வகையை வடசென்னைக் கணக்கில் உடனே ஒதுக்கிவிடலாம். கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் போகிற சாலையில், மேலே எது கட்டினாலும் தரையிலிருந்து ஐந்தரை மீட்டர் இடைவெளி விட வேண்டும். தொங்கும் ரயிலில் அந்த ஐந்தரை மீட்டருக்கு மேலேதான் பெட்டியின் அடிப்பாகம் தொடங்கும். அதற்கு மேல் பெட்டியின் உயரம், அதற்கும் மேல் பீம். தூண் உயரமாகும், அடித்தளம் பெரிதாகும். வுப்பர்டாலில் பெரும்பகுதித் தடம் ஆற்றின்மேல் போவதால் இந்தச் சிக்கல் அங்கே குறைவு.

பீமின்மேல் ஓடும் வகையைச் சற்று நின்று பார்ப்போம். பீமின் அகலம் சுமார் 70 முதல் 90 செ.மீ., உயரம் ஒன்றரை மீட்டரை ஒட்டி இருக்கும். தூணுக்குத் தூண் 20 முதல் 30 மீட்டர். சாதாரண மேம்பாலத்தில் பாலத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அதன்மேல் தண்டவாளம் போடுவார்கள். பாலம் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் தண்டவாளத்தை ஏற்றி இறக்கிச் சரிசெய்துகொள்ளலாம். மோனோரயிலில் அந்த வசதி கிடையாது. பீமின் மேற்பரப்பே ஓடுதளம், அதன் இரு பக்கங்களே வழிகாட்டி. அதனால் ஒவ்வொரு பீமையும் அது உட்காரப்போகும் இடத்தின் வளைவுக்கும் சரிவுக்கும் ஏற்பத் தனித்தனியாக, மில்லிமீட்டர் துல்லியத்தில் வார்க்க வேண்டும். வார்ப்பில் பிசகினால் ஆயுள் முழுக்க அந்த இடத்தில் ரயில் குலுங்கும்.

பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்துக்கு போகி என்று பெயர். அதில் எல்லாம் ரப்பர் டயர். ஜப்பானிய வகையில் இரண்டு அச்சுள்ள ஒரு போகிக்கு எடை தாங்க 4 டயர், பீமின் பக்கவாட்டில் மேல்வரிசையில் வழிகாட்ட 4, கீழ்வரிசையில் சாயாமல் பிடித்துக்கொள்ள 2, ஆக 10. பெட்டிக்கு இரண்டு போகி என்றால் நான்கு பெட்டி ரயிலுக்கு 80 டயர். நான்கு பெட்டி மெட்ரோவுக்கு 32 எஃகுச் சக்கரம் போதும். எடை தாங்கும் டயர்களில் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடைப்பார்கள். டயர் வெடித்தாலும் பெட்டி அடுத்த நிலையம்வரை ஊர்ந்து போக வேண்டும் என்பதற்காக உள்ளே ஒரு வளையம் இருக்கும். பிரேசிலின் சாவ் பாவ்லோ 15-ஆம் தடத்தில் 2020 பிப்ரவரியில் இந்த டயர்-வளைய அமைப்பிலேயே கோளாறு வந்து, தடம் முழுவதும் சில மாதங்கள் மூடிக் கிடந்தது.

ரப்பர் டயரால் வரும் பக்கவிளைவு இரண்டு. எஃகுச் சக்கரம் இருந்தால் கரண்ட் தண்டவாளம் வழியாகவே திரும்பிப் போய்விடும். ரப்பர் வழியாகப் போகாது. அதனால் பீமின் இரு பக்கங்களிலும் மின் தண்டவாளம் பதிக்க வேண்டும், ஒன்று வரவுக்கு, ஒன்று திரும்புவதற்கு. அடுத்தது சிக்னல். எஃகுச் சக்கரம் இரண்டு தண்டவாளங்களையும் மின்முறையில் இணைப்பதை வைத்தே ‘இந்தப் பகுதியில் ரயில் நிற்கிறது’ என்று நூறாண்டுக்கு மேலாக ரயில்வே கண்டுபிடித்து வருகிறது. கான்கிரீட்டின்மேல் ரப்பர் ஓடினால் அந்த எளிய வழி அடைபடும். வேறு விதமாகக் கண்டறியும் கருவிகளை வாங்கியாக வேண்டும்.

உண்மையான நன்மைகள்

மோனோரயிலை வெறும் விளம்பரம் என்று தள்ளிவிடுவதும் சரியல்ல. ரப்பரும் கான்கிரீட்டும் நன்றாகப் பிடிக்கும் என்பதால் 100 மீட்டருக்கு 6 மீட்டர் என்ற ஏற்றத்தில் ஏறும். சாதாரண மெட்ரோ 3, 4 மீட்டரோடு நின்றுவிடும். 50, 70 மீட்டர் ஆரத்தில் திரும்பும். மெட்ரோவுக்கு நூறு மீட்டருக்கு மேல் வேண்டும். இரண்டு பீமுக்கும் நடுவே வானம் தெரியும் என்பதால் கீழே சாலையில் இருட்டு விழாது. எஃகில் எஃகு தேயும் கிறீச்சொலி கிடையாது.

இந்த நன்மைகளை எல்லாம் ஒருசேரப் பயன்படுத்திய ஊர் சோங்சிங். மலை, பள்ளம், இரண்டு பெரிய ஆறுகள், செங்குத்தான சரிவில் அடுக்குமாடிகள். அங்கே 2005-ல் 2-ஆம் தடமும் 2011-ல் 3-ஆம் தடமும் திறந்தார்கள். நாளொன்றுக்குப் பல லட்சம் பேர் போகிறார்கள். மோனோரயிலால் கூட்டத்தைத் தாங்கவே முடியாது என்று சொல்பவர்களுக்கு இதுவே மறுப்பு. 8 பெட்டி ரயில், அடிக்கடி ஓடும் சேவை, உள்நாட்டிலேயே பெட்டி தயாரிப்பு, போதுமான உதிரிபாகம் ஆகிய நான்கும் இருந்தால் தாங்கும்.

வடசென்னையோ தட்டையான ஊர். பேசின் பிரிட்ஜிலிருந்து எண்ணூர்வரை ஏறுவதற்கு மேடே இல்லை. ஆக முதல் நன்மை இங்கே உபயோகப்படாது. வளைவு விஷயத்தில் கொஞ்சம் பயன் உண்டு. பழைய ஜெயில் ரோடு, மின்ட், மூலக்கொத்தளம் பக்கம் திருப்பங்கள் இறுக்கமானவை. ஆனால் ரயில் வளைந்து போய்விடும், நிலையம் எங்கே உட்காரும்? இரண்டு நடைமேடை, டிக்கெட் கூடம், படிக்கட்டு, லிப்ட் எல்லாம் சேர்ந்தால் மோனோரயில் நிலையமும் மெட்ரோ நிலையம் அளவுக்கே சாலையை அடைக்கும். ஒல்லியாக இருப்பது இரண்டு நிலையங்களுக்கு இடையில் மட்டும்தான். செலவும் அப்படியே. தூணிலும் பீமிலும் மிச்சம் பிடிக்கலாம். நிலையம், சிக்னல், டிப்போ, ரேக் (பெட்டிகள் கோத்த ஒரு முழு ரயில்), துணை மின்நிலையம் எதிலும் பெரிதாகக் குறையாது.

பாயின்ட் என்ற சின்ன விஷயம்

ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் நிறைந்த பகுதி இது. ஐ.சி.எஃப்., பெரம்பூர் ஒர்க்‌ஷாப், தண்டையார்பேட்டை யார்டு என்று வீட்டுக்கொருவர் இருப்பார். பாயின்ட் என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ரயில் ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்கு மாறும் இடம் அது. கூர்மையாகச் சீவிய இரண்டு தண்டவாள நாக்குகள் பத்துப் பன்னிரண்டு செ.மீ. நகர்ந்தால் போதும், பாதை மாறிவிடும். மோட்டார் சில விநாடிகளில் வேலையை முடித்துவிடும். பேசின் பிரிட்ஜ் சந்திப்பில் நின்று பார்த்தால் சென்ட்ரல், பீச், கும்மிடிப்பூண்டி, அரக்கோணம் என்று எல்லாப் பக்கத்துப் பாதைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவது தெரியும். அத்தனையையும் சாத்தியமாக்குவது அந்த நாக்குகள்தான்.

பீமுக்கு நாக்கு கிடையாது. பாதை மாற வேண்டுமென்றால் அந்த ஒன்றரை மீட்டர் உயர பீமையே, இருபது மீட்டருக்குக் குறையாத நீளத்தில், அப்படியே பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். அதைத் துண்டு துண்டாக மூட்டுப்போட்டு, அடியில் சக்கரம் வைத்து, வளைத்துக் கொண்டுபோய் அடுத்த பீமோடு சேர்த்துப் பூட்டுவார்கள். நகர்ந்ததா, பூட்டியதா என்று சென்சார் உறுதி சொன்ன பிறகே சிக்னல் விழும். நல்ல நிலையில் உள்ள அமைப்பிலேயே இதற்குச் சாதாரண பாயின்டைப்போல் பல மடங்கு நேரம் பிடிக்கும். பீம் நகர்ந்து போன இடத்தில் வெறும் ஆகாயம்தான் இருக்கும் என்பதால் இங்கே அவசரப்படவும் முடியாது.

இந்த ஒரு பாகம் முழு சேவையையும் எப்படிப் பிடித்து இழுக்கிறது என்று பாருங்கள். கடைசி நிலையத்தில் ஒவ்வொரு ரயிலும் திரும்ப வேண்டும். திரும்புவதற்குப் பாயின்ட் ஒரு முறை போக, ஒரு முறை வர. ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் என்றால், ரயிலுக்கு ஒரு நிமிடம் பாயின்டுக்கே போய்விடும். ரயில் உள்ளே வந்து நின்று, ஆள் இறங்கி ஏறி, கிளம்புவதற்கு இன்னும் இரண்டு நிமிடம். மூன்று நிமிட இடைவெளிக்குக் குறைவாக ஓட்டுவது இதனாலேயே கடினமாகிறது.

இன்னொரு விளைவு இதைவிட முக்கியம். இப்படிப்பட்ட பாயின்ட் விலை அதிகம், பராமரிப்பும் அதிகம் என்பதால் திட்டம் போடும்போதே எண்ணிக்கையைக் குறைத்துவிடுவார்கள். பிறகு நடுவழியில் ஒரு ரயில் நின்றால் மற்றொன்றை எதிர்ப்பாதைக்கு மாற்றி அனுப்ப இடமிருக்காது. மின்சார ரயிலில் ஒரு லைன் அடைபட்டால் ஊர்ந்தாவது ஓடும். மோனோரயிலில் பாதித் தடம் நின்றுவிடும். கிளைத் தடம் பிரிப்பது, இரண்டு தடங்களைச் சேர்ப்பது, பின்னாளில் நீட்டுவது எல்லாவற்றுக்கும் இதே முட்டுக்கட்டைதான். மோனோரயிலின் எந்தக் குறையை முதலில் சொல்ல வேண்டும் என்று கேட்டால், இதைத்தான் சொல்வோம்.

மும்பை சொன்ன பாடங்கள்

இந்தியாவில் பயணிகளுக்காக ஓடிய ஒரே நவீன மோனோரயில் மும்பையுடையது. செம்பூர்–வடாலா பகுதி 2014 பிப்ரவரியில் திறந்தது. ஜேக்கப் சர்க்கிள்வரை நீண்டது 2019 மார்ச்சில். மொத்தம் சுமார் 20 கி.மீ., 17 நிலையம்.

பெட்டிகளைத் தந்தது ஸ்கோமி என்ற மலேசிய நிறுவனம். அந்த நிறுவனம் பணச் சிக்கலில் விழுந்தபோது உதிரிபாகம் வருவது நின்றது. ஓடாத ரேக்கில் இருந்து பாகத்தைக் கழற்றி ஓடும் ரேக்கில் மாட்டும் நிலை வந்தது. 2017 நவம்பரில் மைசூர் காலனி நிலையத்தில் ஒரு ரயிலில் தீப்பிடித்து, கிட்டத்தட்ட பத்து மாதம் சேவை நின்றது. 2018 டிசம்பரில் மும்பை பெருநகர வளர்ச்சி ஆணையம் தானே நடத்த எடுத்துக்கொண்டது.

இதில் யார்மேல் தவறு என்பதைவிட, ஏன் மாற்று ஆள் கிடைக்கவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. சென்னை மெட்ரோ 1,435 மி.மீ. அகல நிலையான பாதையில், எல்லாருக்கும் தெரிந்த மின் முறையில் ஓடுகிறது. அதனால் முதல் கட்டத்துக்கு அல்ஸ்டாம் தந்த பெட்டிகளோடு நிற்காமல், இரண்டாம் கட்டத்துக்கு பெமல் என்ற வேறொரு நிறுவனத்திடமும் வாங்க முடிகிறது. மோனோரயிலில் பீமின் அகலம், மின் தண்டவாளம் இருக்கும் உயரம், வழிகாட்டிச் சக்கரம் தொடும் இடம் எல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஒருவருடைய பீமில் இன்னொருவருடைய ரயில் அப்படியே ஏறாது. மும்பைக்குப் புதிய ரேக்குகளை ஐதராபாத்தின் மேதா நிறுவனத்திடம் செய்து வாங்க வேண்டியிருந்தது. பழைய பீமுக்குப் பொருந்தும்படி புதிதாக வடிவமைத்து, சோதித்து, சான்று பெறும்வரை ஊர் காத்திருக்க வேண்டும்.

அடுத்த பாடம் 2025 ஆகஸ்ட் 19 அன்று. கனமழையில் மின்சார ரயில்கள் தடைபட்டதால் கூட்டம் மோனோரயிலுக்குத் திரும்பியது. ரயில் தாங்கும் மொத்த எடை 104 டன். அன்று ஏறியது சுமார் 109 டன். எடையால் மின் தண்டவாளத்துக்கும் கரண்ட் எடுக்கும் அமைப்புக்கும் இடையிலான தொடர்பு அறுந்து, மைசூர் காலனிக்கும் பக்தி பார்க்குக்கும் நடுவே அந்தரத்தில் ரயில் நின்றது. ஏசி நின்றது. தீயணைப்பு வீரர்கள் ஏணி வண்டி வைத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை இறக்கினார்கள். மணிக்கணக்கில் ஆனது. செப்டம்பர் 20 முதல் மேம்பாட்டுப் பணி என்று சேவை நிறுத்தப்பட்டது.

ஐந்து டன் என்பது எழுபது, எண்பது பேரின் எடை. நம் ஊர் மின்சார ரயிலில் அந்த அளவு கூடுதல் கூட்டத்தை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். ரப்பர் டயருக்கு எடை வரம்பு கறாரானது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஏணி விஷயத்தையும் யோசியுங்கள். மெட்ரோ பாலத்தில் ரயில் நின்றால் பயணிகள் கதவைத் திறந்து இறங்கி, பாலத்தின்மேலேயே நடந்து அடுத்த நிலையத்துக்குப் போகலாம். பீமில் நடக்க இடமில்லை. நடைபாதை தனியாகக் கட்டலாம், சாவ் பாவ்லோவில் கட்டியிருக்கிறார்கள். கட்டினால் ஒல்லியான அழகு போய்விடும், செலவும் ஏறும். கட்டாவிட்டால் ஏணி வண்டிதான் ஒரே வழி. திருவொற்றியூரிலிருந்து மணலிக்கு ஒரு தடம் போட்டால் அது ரயில் பாதையையும் பக்கிங்காம் கால்வாயையும் தாண்டியாக வேண்டும். கால்வாய்க்கு மேலே நின்றுபோன ரயிலுக்கு ஏணி வண்டியை எங்கே நிறுத்துவது?

கீழே பாலத்தளம் இல்லாததால் வரும் இன்னொரு ஆபத்தும் உண்டு. மேலிருந்து எது கழன்றாலும் நேரே சாலைக்கு வரும். பாங்காக்கில் 2023-ல் திறந்த இரண்டு மோனோரயில் தடங்களிலும் சில மாதங்களுக்குள் மின் தண்டவாளம் கழன்று விழுந்தது. 2024 ஜனவரியில் ஒரு வழிகாட்டிச் சக்கரம் கழன்று கீழே போன டாக்ஸிமேல் விழுந்தது. நூறு வயது தாண்டிய வுப்பர்டாலிலும் 2018-ல் சுமார் 350 மீட்டர் மின் தண்டவாளம் கீழே விழுந்து பல மாதங்கள் சேவை நின்றது. கடலை ஒட்டிய திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உப்புக்காற்றில் இரும்பு போல்ட் எவ்வளவு நாள் தாங்கும் என்று வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும். ஒரு கி.மீ.க்குள் மின் தண்டவாளத்தைத் தாங்கும் பிடிமானங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றையும் இரவில் ரயில் நின்ற பிறகு, பீமின்மேல் ஓடும் தனி வண்டியில் போய்த்தான் சோதிக்க முடியும்.

எத்தனை பேரை ஏற்றும்?

ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் எத்தனை பேரைக் கொண்டுபோகலாம் என்பதுதான் எந்தப் போக்குவரத்துக்கும் அடிப்படை எண். ஒரு வண்டியின் கொள்ளளவை மணிக்கு எத்தனை வண்டி என்பதால் பெருக்கினால் வந்துவிடும்.

எம்டிசி பஸ் ஒன்றில் நின்றும் உட்கார்ந்தும் 70 பேர், நிமிடத்துக்கு ஒரு பஸ்: 4,200 பேர். மும்பை மோனோரயில் ஒன்றில் 562 பேர், கால்மணிக்கு ஒன்று: 2,248 பேர். அதே மோனோரயில் மூன்று நிமிடத்துக்கு ஒன்று: 11,240. சென்னை மெட்ரோவின் நான்கு பெட்டி ரயிலில் 1,276 பேர், ஐந்து நிமிடத்துக்கு ஒன்று: 15,312.

இந்த எண்களில் மோனோரயிலின் முதல் வரியும் இரண்டாம் வரியும் ஐந்து மடங்கு விலகி நிற்கின்றன. ரயில் அதேதான், இடைவெளி மட்டும் வேறு. இடைவெளியைத் தீர்மானிப்பது ரேக் எண்ணிக்கை. 10 கி.மீ. தடம், சராசரி வேகம் மணிக்கு 25 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போக 24 நிமிடம், வர 24, இரண்டு முனையிலும் மும்மூன்று நிமிடம். ஒரு சுற்று 54 நிமிடம். மூன்று நிமிடத்துக்கு ஒன்று ஓட 18 ரேக் வேண்டும், பராமரிப்புக்கு இரண்டு மூன்று சேர்த்தால் 20, 21. அதில் உதிரிபாகம் இல்லாமல் 15 ரேக் டிப்போவில் முடங்கினால் மிச்சம் ஓடுவது ஆறு. இடைவெளி ஒன்பது நிமிடம், கொள்ளளவு மூன்றில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு ஒரு பஸ் விட்டிருந்தால் அதைவிட அதிகம் பேர் போயிருப்பார்கள்.

மற்ற புதுமைகள், சுருக்கமாக

ஒற்றைத் தண்டவாளம் நமக்குப் புதிதும் அல்ல. மூணாறு–டாப் ஸ்டேஷன் பாதையில் 1902-ல் தேயிலை ஏற்ற ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. மாடு இழுக்கும், தரையில் ஓடும் பெரிய சக்கரம் ஒன்று சாயாமல் தாங்கும். ஆறே ஆண்டில் அதை எடுத்துவிட்டு இரண்டு தண்டவாளக் குறுகிய பாதை போட்டார்கள். 1924 வெள்ளத்தில் அதுவும் அடித்துக்கொண்டு போனது.

சென்னை டிராம் 1895-ல் தொடங்கியபோது சாலைக்கு அடியில் ஒரு பள்ளத்துக்குள் கம்பி வைத்து கரண்ட் எடுத்தார்கள். மழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் ஊரில் அது நிலைக்கவில்லை. எங்கும் உள்ள தலைக்குமேல் கம்பி முறைக்கு மாறி, 1953 வரை ஓடியது.

கொங்கண் ரயில்வே கோவாவின் மட்காவில் சோதித்த ஸ்கைபஸ் தொங்கும் வகை. 2004-ல் சோதனை ஓட்டத்தில் பெட்டி தூணில் இடித்து ஊழியர் ஒருவர் இறந்தார். பின்பு திட்டம் கைவிடப்பட்டது. பிரான்சின் கான் நகரில் ரப்பர் டயரும் நடுவில் ஒரே வழிகாட்டித் தண்டவாளமும் கொண்ட டிராம் 2002-ல் வந்தது. ஓயாத கோளாறுக்குப் பிறகு 2017-ல் நிறுத்தி, 2019-ல் சாதாரண இரண்டு தண்டவாள டிராமைக் கொண்டுவந்தார்கள். காந்த விசையில் மிதந்து ஓடும் காந்த ரயில் ஷாங்காயில் 30 கி.மீ.க்கு ஓடுகிறது. தென்கொரியாவின் இஞ்சியோன் விமான நிலையத்தில் 2016-ல் தொடங்கி 2022-ல் நிறுத்தினார்கள், 2025-ல்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. காற்றை உறிஞ்சிய குழாய்க்குள் பெட்டியை அதிவேகமாக ஓட்டும் ஹைப்பர்லூப்புக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸின் தையூர் வளாகத்தில் 422 மீட்டர் சோதனைக் குழாய் இருக்கிறது. ஆராய்ச்சியாக அது மதிக்கத்தக்க வேலை. ஆனால் அது தொலைதூர வேகத்துக்கான யோசனை. இரண்டு கி.மீ.க்கு ஒரு நிறுத்தம் வேண்டும் என்கிற மணலிக்கு அதில் எந்தப் பயனும் இல்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணம் நம் பறக்கும் ரயில். நிலையங்கள் எப்படி இருந்தாலும், பாதை அதே 1,676 மி.மீ. அகலப்பாதை. அதனால் 1995-ல் பீச்சிலிருந்து தொடங்கியபோது, மற்ற வழித்தடங்களில் ஓடும் அதே வகை மின்சார ரயில்களே அதிலும் ஓடின. அதே டிப்போ, அதே மெக்கானிக், அதே உதிரிபாகம்.

வடசென்னையில் எங்கே இடைவெளி?

வடக்கு–தெற்காக நமக்கு ரயில் இருக்கிறது. கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் வழியாக கும்மிடிப்பூண்டி மின்சார ரயில். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர்வரை நீண்ட மெட்ரோ. மேற்கே மாதவரத்தில் இரண்டாம் கட்ட மெட்ரோவின் இரண்டு தடங்கள் தொடங்குகின்றன, ஒன்று சிறுசேரி சிப்காட்டுக்கு, ஒன்று சோழிங்கநல்லூருக்கு. இல்லாதது கிழக்கு–மேற்கு. திருவொற்றியூரில் இருப்பவர் மணலி வழியாக மாதவரம் போக இன்றைக்கும் பஸ், ஷேர் ஆட்டோ, இல்லையென்றால் லாரிகளுக்கு நடுவே டூவீலர். புதிதாக ஏதாவது வேண்டுமென்றால் அந்த இடத்துக்குத்தான் வேண்டும்.

அந்தத் தடத்துக்கு யாராவது மோனோரயிலையோ வேறு புது வகையையோ முன்மொழிந்தால், விரிவான திட்ட அறிக்கையில் சில பக்கங்களை நேராகத் திருப்பிப் பார்க்க வேண்டும். ரேக் எண்ணிக்கையும் உச்ச நேர இடைவெளியும் எந்தப் பக்கத்தில்? பாயின்ட் எத்தனை, எந்தெந்த நிலையத்துக்கு நடுவே? கால்வாய்க்கும் ரயில் பாதைக்கும் மேலே நின்றுபோன ரயிலில் இருந்து ஆட்களை இறக்கும் முறை என்ன? இதே பீமில் ஓடக்கூடிய பெட்டியைச் செய்யும் நிறுவனங்கள் எத்தனை? ஒன்று என்று பதில் வந்தால், அந்த ஒன்று மூடிப்போனால் என்ன ஏற்பாடு? பிடிமானங்களைச் சோதிக்கும் அட்டவணையும் அதற்கான ஆண்டுச் செலவும் கணக்கில் சேர்ந்திருக்கிறதா, இல்லை கட்டுமானச் செலவு மட்டும்தானா?

அறிக்கைக்கு முன்பே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு, அதற்குப் பெரிய நிபுணர் தேவையில்லை. பள்ளிக்கூடம் திறந்திருக்கும் ஒரு வேலைநாளில் காலை 7 முதல் 10 வரை மணலி மார்க்கெட் பக்கம் சாலையின் இருபுறமும் இருவர் இருவராக நிற்க வேண்டும். ஒருவர் பஸ்ஸையும் கம்பெனி வேனையும், மற்றவர் ஷேர் ஆட்டோவையும் டூவீலரையும் எண்ணலாம். பஸ்ஸில் கூட்டத்தைக் காலி, பாதி, நிறைவு, தொங்கல் என்று நான்கு தரமாகக் குறித்து, முறையே 15, 35, 60, 80 பேர் என்று போடலாம். கால்மணிக்கு ஒரு வரி. செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள் எடுத்து, அதில் அதிகக் கூட்டமுள்ள ஒரு மணி நேரத்தைத் திசைவாரியாகக் கூட்ட வேண்டும். வசதி வந்தால் புதிதாக வருபவர்களுக்காக அதோடு பாதி சேர்த்துக்கொள்ளலாம். விடை 4,000-க்குள் வந்தால் பஸ்ஸும், பஸ் நகர ஒரு தனிப்பாதையும், லாரிகளுக்கு நேரக் கட்டுப்பாடும் போதும். 10,000-ஐத் தாண்டினால் மாதவரம் மெட்ரோவைக் கிழக்கே நீட்டச் சொல்லிக் கேட்கலாம், கையில் தாள் இருக்கும். இரண்டுக்கும் நடுவே வந்தால்தான் மற்ற வகைகளுக்கு வாய்ப்பு. அங்கேயும் முதலில் எழுதிக் கேட்க வேண்டியது பெட்டி எங்கே தயாராகிறது, இன்னும் யார் யார் அதைத் தயாரிக்கிறார்கள் என்பதைத்தான்.